நம் பள்ளிக் கட்டடம் எந்தப் பட்டியலில்? நிலநடுக்கமும் கட்டடங்களை அடையாளம் காணும் பொதுக் கொள்கையும்



2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை காலை மணி 6.13. சிகாமட்டுக்கு மேற்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், பூமிக்கடியில் 10 கிலோமீட்டர் ஆழத்தில், 4.1 அளவிலான நிலநடுக்கம் பதிவானதாக மலேசிய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. ஜொகூரில் மட்டுமல்லாமல் நெகிரி செம்பிலான், மலாக்கா, தென் பகாங் பகுதிகளிலும் மக்கள் அதை உணர்ந்தார்கள். அடுத்த சில நாள்களிலும் சிகாமட், யோங் பெங் வட்டாரங்களில் சிறு அதிர்வுகள் வந்தன. உயிரிழப்பு இல்லை, பெரிய சேதமும் இல்லை. ஜொகூரில் அந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து ஞாயிறு வார விடுமுறையாகிவிட்டதால், பள்ளிகளில் பிள்ளைகளும் இல்லை.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை நாம் எல்லாருமே கேட்டிருப்போம். "சார், நம்ம நாட்டுல நிலநடுக்கமே வராதுன்னு சொன்னீங்களே?" "டீச்சர், நம்ம ஸ்கூல் விழுந்துடுமா?"

முதல் கேள்விக்குப் புவியியல் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்குப் புவியியல் மட்டும் போதாது. ஒரு கட்டடம் நிற்குமா விழுமா என்பதை யாராவது முன்கூட்டியே பார்த்து, எழுதி, பட்டியலிட்டு வைத்திருக்க வேண்டும். அதைச் செய்ய வைப்பதுதான் பொதுக் கொள்கை. அந்தக் கொள்கை எப்படி இயங்குகிறது, பிற நாடுகள் எப்படிச் செய்தன, ஜொகூரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, தமிழ்ப்பள்ளிகளுக்கு இதில் என்ன கவலை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கடைசியில் வகுப்பறைக்கு ஏற்ற மூன்று நடவடிக்கைகளும் உண்டு.

4.1 பெரிதா, சிறிதா?

முதலில் எண்களைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நிலநடுக்க அளவு ஒன்று கூடினால், நிலத்தின் அசைவு பத்து மடங்காகும்; வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். 2015 ஜூன் 5ஆம் தேதி சபாவின் ரானாவ் வட்டாரத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம் 6.0. கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் இருந்தார்கள். 4.1-க்கும் 6.0-க்கும் இடையே 1.9தான் வேறுபாடு. "ரெண்டு கூட இல்லையே!" என்று மாணவன் சொல்லக்கூடும். ஆனால், ஆற்றல் கணக்கில் அது சுமார் 700 மடங்கு. சிகாமட் நடுக்கம் சிறியதுதான். ஆகவே, "ஒன்னும் ஆகலியே, நம்ம கட்டடமெல்லாம் ஸ்திரமாத்தான் இருக்கு" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சின்னச் சோதனையில் தேறியவன் பெரிய சோதனையிலும் தேறுவான் என்பதற்கு உறுதி இல்லை.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். தீபகற்ப மலேசியா இரு புவித்தட்டுகள் உரசும் எல்லையில் இல்லை. சுந்தா தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. இங்குப் பழைய பிளவுகள் உண்டு. சிகாமட் நிகழ்வை மெர்சிங் பிளவு மண்டலத்தோடு தொடர்புபடுத்தினார்கள். இதற்கு முன்னும் 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கி வட்டாரத்தில் வரிசையாகச் சிறு நடுக்கங்கள் பதிவாகின. ஆக, அடிக்கடி வராது. வந்தாலும் பெரும்பாலும் சிறிதாகவே வரும். ஆனால், "வரவே வராது" என்று எழுதிப் படித்த வரியை நாம் இனி மாற்றித்தான் ஆகவேண்டும்.

ஜொகூருக்கு இரண்டு வகை ஆபத்து

நம் மாநிலத்தின் நிலை கொஞ்சம் வித்தியாசமானது. இங்கு இரண்டு திசையிலிருந்து அதிர்வு வரலாம். இரண்டும் ஒரே கட்டடத்தைத் தாக்குவதில்லை.

ஒன்று, அருகில் வரும் சிறு நடுக்கம். சிகாமட்டில் வந்தது இந்த வகை. இதன் அதிர்வு வேகமானது, படபடவென்று குலுக்கும். இத்தகைய அதிர்வு குட்டையான, விறைப்பான கட்டடங்களை அதிகம் உலுக்கும். ஒரு மாடி முதல் நான்கு மாடி வரையுள்ள பள்ளிக் கட்டடங்கள், கடைவீடுகள், வரிசை வீடுகள் இதில் அடங்கும்.

இரண்டு, தொலைவில் வரும் பெரிய நடுக்கம். சுமத்ராவின் பெரும்பிளவு ஜொகூர் பாருவிலிருந்து 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடலடியில் தட்டுகள் மோதும் இடம் அதைவிடவும் தொலைவு. அவ்வளவு தூரம் வரும்போது வேகமான அலைகள் வழியிலேயே தேய்ந்துபோகும். மெதுவாக அசைக்கும் நீள அலைகள் மட்டுமே வந்து சேரும். அவை உயரமான கட்டடங்களை ஆட்டும்; கட்டடத்தின் கீழே களிமண்ணோ கடலோரச் சேற்றுமண்ணோ இருந்தால் இன்னும் அதிகமாக ஆட்டும். சுமத்ரா குலுங்கும்போதெல்லாம் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழே இறங்கி ஓடி வருகிறார்கள். தரைவீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. காரணம் இதுதான்.

தூரம் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்கு 1985ஆம் ஆண்டின் மெக்சிகோ நகரம் சான்று. நடுக்க மையம் சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், பழைய ஏரிப்படுகையின் மெல்லிய மண்மீது கட்டப்பட்ட நடுத்தர உயரக் கட்டடங்கள் ஏராளமாக இடிந்தன. அண்மைய சான்றும் உண்டு. 2025 மார்ச் 28இல் மியன்மாரில் 7.7 அளவு நடுக்கம். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே பேங்காக்கில், கட்டுமானத்தில் இருந்த 33 மாடி அரசாங்கக் கட்டடம் நொறுங்கி விழுந்தது.

இதை மாணவர்களுக்கு எளிதாகச் சொல்ல ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு மாடிக்கு 0.1 வினாடி. நான்கு மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப ஏறத்தாழ 0.4 வினாடி, முப்பது மாடிக் கட்டடத்துக்கு 3 வினாடி. ஊஞ்சலை அது ஆடும் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் உயரப் போகுமல்லவா? நிலத்தின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப்போனால் அதுதான் நடக்கிறது.

ஆகவே, ஜொகூரில் ஆபத்தான கட்டடங்களைத் தேடும் எந்தக் கொள்கையும் இரண்டு பட்டியல் போட வேண்டும். தெற்கே மென்மண்ணில் நிற்கும் உயரமானவை ஒரு பட்டியல். சிகாமட், குளுவாங், மெர்சிங் பக்கம் நிற்கும் குட்டையான பழைய கட்டடங்கள் இன்னொரு பட்டியல். நம் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும்.

எந்தக் கட்டடம் பலவீனமானது?

"பழசுன்னா ஆபத்து, புதுசுன்னா பத்திரம்." இப்படித்தான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை.

தோட்டப்புறத்தில் இன்னும் சில இடங்களில் நிற்கும் பழைய பலகைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பலகைச் சுவர், துத்தநாகக் கூரை. எடை குறைவு. நிலநடுக்க விசை கட்டடத்தின் எடையைப் பொறுத்தது. எடை குறைந்தால் விசையும் குறையும். மரம் வளைந்தும் கொடுக்கும். கரையான் அரிக்காமல், தூண்கள் அடித்தளத்தோடு சரியாகப் பிணைக்கப்பட்டிருந்தால், அந்தப் பலகைப் பள்ளி குலுக்கலில் நன்றாகவே தாங்கக்கூடும். அதற்குப் பக்கத்தில் நன்கொடை திரட்டிக் கட்டிய கனமான கான்கிரீட் கட்டடம் ஆபத்தானதாக இருக்கலாம்.

பொறியாளர்கள் வெளியிலிருந்தே கவனிக்கும் அடையாளங்கள் சில உண்டு.

திறந்த கீழ்த்தளம்: மேலே வகுப்பறைகள், சுவர்கள், கீழே தூண்கள் மட்டும். அங்கே சிற்றுண்டிச்சாலை, சபைகூடும் இடம், வண்டி நிறுத்துமிடம். மேல்தளம் விறைப்பு, கீழ்த்தளம் தளர்ச்சி. குலுங்கும்போது முழுச் சுமையும் அந்தத் தூண்களின்மேல் விழும்.

குட்டைத் தூண்: வகுப்பறையில் இரு தூண்களுக்கு இடையே பாதி உயரம் செங்கல் சுவர், அதற்குமேல் நீள ஜன்னல். நம் பள்ளிகளில் சர்வசாதாரணமான அமைப்பு. சுவர் தூணின் கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் உயரத்தில் உள்ள குட்டைப் பகுதி மட்டும் அசைய வேண்டியிருக்கும். முழுத் தூண் வாங்க வேண்டிய அடியை அந்தச் சிறு துண்டு வாங்கும். உலகெங்கும் பள்ளிக் கட்டடங்கள் இதனால் சேதமடைந்துள்ளன.

கோணல் வடிவம்: 'எல்' வடிவ, 'டி' வடிவக் கட்டடங்களின் இரு பகுதிகள் வெவ்வேறு விதமாக ஆடும், இணையும் மூலையில் விரிசல் காணும்.

பின்னாளில் ஏற்றிய சுமை: பழைய கட்டடத்தின்மேல் கூடுதல் மாடி, கூரைக்குமேல் தண்ணீர்த் தொட்டி, துத்தநாகத்தை எடுத்துவிட்டுப் போட்ட கனமான ஓடு.

பிணைப்பில்லாத செங்கல் சுவர்: இரும்புக் கம்பியோ கான்கிரீட் சட்டகமோ இல்லாமல் வெறும் செங்கல்லால் நிற்கும் சுவர், முக்கோண முகப்புச் சுவர், வளாகச் சுற்றுச்சுவர்.

இவற்றில் ஒன்று உங்கள் பள்ளியில் இருந்தால் கட்டடம் விழுந்துவிடும் என்று பொருளல்ல. "இதைப் பொறியாளர் வந்து பார்க்கட்டும்" என்று பொருள். அவ்வளவுதான்.

கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறை

ஒரு மாநிலத்தில் இலட்சக்கணக்கான கட்டடங்கள் இருக்கும். அத்தனையையும் பொறியாளர் உள்ளே போய் ஆராய்வது நடக்காத காரியம். அதனால், அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் படிப்படியாகச் சலித்தெடுக்கும் முறையை வகுத்தார்கள். அமெரிக்கப் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா 1988இல் வெளியிட்ட கையேடு இதில் பெயர்பெற்றது. மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. இந்தியா உட்படப் பல நாடுகள் தத்தம் சூழலுக்கு ஏற்ப இத்தகைய முறைகளை அமைத்துக்கொண்டன.

பயிற்சி பெற்ற ஒருவர் கட்டடத்தைச் சுற்றி நடந்து ஒரு பக்கப் படிவத்தை நிரப்புவார். எதனால் கட்டப்பட்டது? எத்தனை மாடி? எந்த ஆண்டு? வடிவம் சீரானதா? அடியில் என்ன மண்? கட்டட வகைக்கு ஓர் அடிப்படை மதிப்பெண். குறைகளுக்குக் கழித்தல், நல்ல அம்சங்களுக்குக் கூட்டல். இறுதி மதிப்பெண் பொதுவாக 2-க்குக் கீழே வந்தால், கட்டடம் அடுத்த கட்ட ஆய்வுக்குப் போகும்.

அந்த 2 என்பது என்ன? கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த செய்தி இது. மதிப்பெண் 2 என்றால், கணக்கில் கொண்ட பெரும் நடுக்கத்தில் கட்டடம் இடிய 100-இல் 1 வாய்ப்பு. 3 என்றால் 1,000-இல் 1. 1 என்றால் 10-இல் 1. பத்தின் அடுக்கு. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து பத்துப் பத்து மடங்காக ஏறும்.

இந்தச் சலித்தெடுத்தல் தீர்ப்பு அல்ல. மருத்துவ முகாமில் இரத்த அழுத்தம் பார்ப்பது போன்றது. அளவு கூடியிருந்தால் மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். அங்கேயே அறுவை சிகிச்சை செய்வதில்லை.

பிற நாடுகள் கற்ற பாடம்

வருத்தமான உண்மை ஒன்று: கட்டடங்களைப் பட்டியலிடும் கொள்கைகளில் பல, பள்ளிகள் இடிந்த பிறகே பிறந்தன.

1933 மார்ச் 10, கலிபோர்னியாவின் லாங் பீச். மாலை ஆறு மணி நெருங்கும் வேளையில் நடுக்கம். சுமார் 70 பள்ளிகள் இடிந்தன. பள்ளி முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சில மணி நேரம் முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கேள்வி பெற்றோரை உலுக்கியது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி, ஃபீல்டு சட்டம் வந்தது. அரசுப் பள்ளிக் கட்டடங்களின் வரைபடத்தை மாநில அதிகாரிகள் சரிபார்க்க வேண்டும், கட்டும்போது தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும் என்றது அது. 1986இல் அதே மாநிலம் இன்னொரு சட்டம் போட்டது: அதிக ஆபத்துள்ள பகுதிகளின் உள்ளூராட்சிகள், பிணைப்பில்லாத செங்கல் கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பழுதுபார்ப்பது பிறகு, முதலில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணச் சொன்னது.

2002 அக்டோபர் 31, இத்தாலியின் சான் ஜூலியானோ என்ற சிற்றூர். 6-க்கும் குறைந்த, மிதமான நடுக்கம். பள்ளி ஒன்று இடிந்து 27 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். பழைய கல்சுவர்ப் பள்ளியின் மேல் பின்னாளில் கனமான ஒரு மாடி ஏற்றப்பட்டிருந்தது. நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது அடுத்த செய்தி: அந்த ஊர் அப்போது நிலநடுக்க ஆபத்துப் பகுதியாக அரசாங்க வரைபடத்தில் குறிக்கப்படவே இல்லை. "இங்கெல்லாம் வராது" என்ற பட்டியலில்தான் அது இருந்தது. 2003 மார்ச்சில் இத்தாலி வரைபடத்தைத் திருத்தியது. பள்ளி, மருத்துவமனை போன்ற முக்கியக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் ஆய்வு செய்ய உத்தரவிட்டது. ஐந்தாண்டில் வேலை முடியவில்லை. காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. உத்தரவு போட்டால் மட்டும் போதாது, பணமும் ஆளும் வேண்டும் என்பது இதிலுள்ள இன்னொரு பாடம்.

ஜப்பான் பணத்தோடு செய்தது. 1981இல் கட்டட விதியைக் கடுமையாக்கியது. 1995ஆம் ஆண்டின் கோபே நடுக்கத்தில் பழைய விதிப்படி கட்டியவை அதிகம் சேதமடைந்ததால், அவற்றை வலுப்படுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. 2002இல் பொதுத் தொடக்க, இடைநிலைப் பள்ளிக் கட்டடங்களில் 44.5 விழுக்காடு மட்டுமே நிலநடுக்கம் தாங்கக்கூடியவை. எண்ணைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள், ஆண்டுதோறும் மீண்டும் எண்ணினார்கள், 2015இல் 95.6 விழுக்காட்டை எட்டினார்கள்.

நியூசிலாந்து வேறு வழி கண்டது. 2011 பிப்ரவரியில் கிரைஸ்ட்சர்ச் நகரில் 185 பேர் இறந்தார்கள்; அவர்களில் 115 பேர் ஒரே ஒரு கட்டடத்தில் இறந்தவர்கள். அதற்குப் பின் இயற்றிய சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. புதிய கட்டடத்துக்கு வேண்டிய வலிமையில் 34 விழுக்காட்டை எட்டாத கட்டடம் ஆபத்தானதாகக் கருதப்படும். கதவருகே அறிவிப்பு ஒட்ட வேண்டும். பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். நாட்டை ஆபத்து மிகுந்தது, நடுத்தரம், குறைந்தது என மூன்றாகப் பிரித்து, வெவ்வேறு காலக்கெடு கொடுத்தார்கள். ஆனால், செலவு தாங்கவில்லை என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். 2025 செப்டம்பரில் அரசாங்கம் விதியைத் தளர்த்தி, ஆபத்து குறைந்த ஆக்லாந்து போன்ற பகுதிகளை விலக்கப்போவதாக அறிவித்தது.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜொகூரும் ஆபத்து குறைந்த இடம்தான். ஜப்பானைப் போல எல்லாவற்றையும் வலுப்படுத்த வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஆனால், எண்ணிப் பார்ப்பதற்கும் இடித்துக் கட்டுவதற்கும் ஆகும் செலவு ஒன்றல்ல. பட்டியல் போட ஆகும் செலவு மிகக் குறைவு. பட்டியல் இருந்தால்தான் எங்கே செலவழிக்க வேண்டும், எங்கே தேவையில்லை என்றே தெரியும்.

மலேசியாவில் என்ன இருக்கிறது?

புதிய கட்டடங்களுக்கு வழி பிறந்துவிட்டது. ஐரோப்பாவின் நிலநடுக்க வடிவமைப்பு விதியை மலேசியத் தர நிர்ணயமாக ஏற்று, நம் நாட்டுக்குரிய அதிர்வு வரைபடத்தோடு கூடிய தேசிய இணைப்பு 2017இல் வெளியானது. அதற்கு முன் நம் பொறியாளர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் விதிகளைப் பின்பற்றினார்கள். பிரிட்டனில் நிலநடுக்கம் பெரிய கவலை இல்லை என்பதால், அவற்றில் அதற்கான கணக்கும் இல்லை. காற்றுக்கும் சுமைக்கும் கணக்குப் போட்டுக் கட்டினார்கள். ஆக, இன்று நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைகளில் மிகப் பெரும்பாலானவை நிலநடுக்கத்தை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. இது யாருடைய குற்றமும் இல்லை. அன்றைய அறிவு அவ்வளவு.

ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களுக்கு? அதற்கும் ஒரு தொடக்கம் சட்டத்தில் உண்டு. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் மண்சரிவில் சாய்ந்து 48 பேர் இறந்தது நினைவிருக்கும். அதன்பின், 1974ஆம் ஆண்டின் 133ஆம் சட்டமாகிய சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 85ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, ஐந்து மாடிக்கு மேற்பட்ட கட்டடத்துக்குச் சி.எஃப். சான்றிதழ் கிடைத்துப் பத்தாண்டு ஆனதும், அதைப் பொறியாளரைக் கொண்டு பரிசோதிக்குமாறு உள்ளூராட்சி மன்றம் உரிமையாளருக்கு எழுத்து மூலம் உத்தரவிடலாம். பிறகும் பத்தாண்டு இடைவெளியில் அதைத் தொடரலாம்.

நல்ல சட்டம். ஆனால், நம் கேள்வியோடு வைத்துப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. ஒன்று, ஐந்து மாடிக்கு மேல் என்ற வரம்பு. நான்கு மாடிப் பள்ளிக் கட்டடம் அதில் வராது. அருகில் வரும் நடுக்கம் உலுக்குவதோ குட்டைக் கட்டடங்களைத்தான். இரண்டு, அந்தப் பரிசோதனையின் நோக்கம் விரிசல், துரு, தளர்வு போன்ற நடப்புக் குறைகளைக் காண்பது. திறந்த கீழ்த்தளமும் குட்டைத் தூணும் அந்தக் கண்ணோட்டத்தில் 'குறை'யே அல்ல, அவை வடிவமைப்பு. சாதாரண நாளில் அந்தக் கட்டடம் நூறாண்டு நிற்கும். குலுங்கும் நாளில்தான் குறை தெரியும்.

ஆகவே, புதிதாக ஒரு பெரிய சட்டம் தேவையில்லை. இருக்கும் இந்த ஏற்பாட்டையே விரிவாக்கலாம்: பள்ளி, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்கு மாடி வரம்பை நீக்கலாம், பரிசோதனைப் படிவத்தில் நிலநடுக்கச் சலித்தெடுத்தலுக்கு ஒரு பக்கம் சேர்க்கலாம்.

தமிழ்ப்பள்ளிகளின் தனிக் கவலை

ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் கட்டடக் கதை மற்றப் பள்ளிகளைவிடச் சிக்கலானது. சில முழு அரசாங்கப் பள்ளிகள். பல அரசாங்க உதவிபெறும் பள்ளிகள். நிலம் சில இடங்களில் தோட்ட நிர்வாகத்தின் பெயரில் இருக்கும். ஒரே வளாகத்தில் ஒரு கட்டடம் அரசாங்க மானியத்தில் எழுந்திருக்கும். ஒன்று பள்ளி வாரியம் கட்டியிருக்கும். பாலர் பள்ளியோ மண்டபமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் விருந்து, நன்கொடைச் சீட்டு மூலம் எழுந்திருக்கும். ஊர் கூடித் தேர் இழுத்த பெருமை அது. ஆனால், பொதுக் கொள்கை என்று வரும்போது அந்தப் பெருமையே ஒரு சிக்கலாகலாம்.

எப்படி? நாளை அரசாங்கம் "எங்கள் கட்டடங்களைச் சலித்தெடுக்கிறோம்" என்று தொடங்கினால், முதலில் பார்ப்பது அரசாங்கச் சொத்துப் பதிவேட்டைத்தான். அந்தப் பதிவேட்டில் இல்லாத கட்டடம் பட்டியலிலேயே வராது. மாணவர்கள் என்னவோ அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். பட்டியலில் வராத கட்டடம் 'பாதுகாப்பானது' அல்ல, 'பார்க்கப்படாதது'. இந்த இரண்டு சொல்லையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளம் வந்தால் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்களில் மக்கள் தஞ்சம் புகுவது பள்ளிகளில்தான். துயர் துடைப்பு மையமாகும் கட்டடம் பேரிடரில் கடைசி வரை நிற்க வேண்டும். அதனால்தான் எல்லா நாட்டுக் கொள்கையிலும் பள்ளிக்கு முன்னுரிமை. பிள்ளைகளுக்கு அது பள்ளி. ஊருக்கு அது புகலிடம்.

நாம் செய்யக்கூடியது

நாம் பொறியாளர்கள் அல்லர். "இந்தக் கட்டடம் ஆபத்து" என்றோ "பயப்படாதீங்க, ஒன்னும் ஆகாது" என்றோ சொல்லும் தகுதி நமக்கு இல்லை. ஆனால், பொறியாளர் வந்தால் முதலில் கேட்கும் தகவல் நம் கையில்தான் இருக்கிறது.

கட்டடப் பதிவேடு: ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம். கட்டிய ஆண்டு, மாடி எண்ணிக்கை, கட்டுமானப் பொருள், கட்டியவர் யார், பின்னாளில் ஏற்றிய மாடி அல்லது தொட்டி, எடுத்த அல்லது உடைத்த சுவர். நான்கு பக்கமும் எடுத்த படங்கள். பழைய தலைமையாசிரியர்கள், வாரியத்து மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கட்டட வரைபடம் கிடைத்தால் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பல பள்ளிகளில் அது காணாமல் போன ஒன்று.

ஒரு கடிதம்: மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணித் துறைக்கும் ஒரே ஒரு கேள்வி: "எங்கள் வளாகத்தின் ஒவ்வொரு கட்டடமும் யாருடைய பதிவேட்டில் இருக்கிறது, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது?" புகாராக இல்லாமல் தகவல் கேட்கும் கடிதமாகவே எழுதலாம்.

பழுதுபார்க்கும் நேரம்: கூரை மாற்றும்போதும் சாயம் பூசும்போதும் கூடவே பார்த்தால் செலவு குறையும். கூரையை மாற்றுவதானால் எடை குறைந்த பொருளைக் கேளுங்கள். கீழ்த்தளச் சுவரை உடைத்து மண்டபம் ஆக்கும் யோசனை வந்தால், பொறியாளர் கையெழுத்து இல்லாமல் உளியை எடுக்கவிடாதீர்கள்.

இன்றே செய்யக்கூடியது: உயரமான புத்தக அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். அதன் உச்சியில் அடுக்கிய கிண்ணங்களையும் கோப்பைகளையும் கீழே இறக்குங்கள். ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாடிகளைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மிதமான நடுக்கத்தில் காயம் ஏற்படுவது பெரும்பாலும் கட்டடம் விழுந்தல்ல, பொருள் விழுந்துதான்.

பயிற்சி: தீ விபத்துப் பயிற்சியில் உடனே வெளியே ஓடச் சொல்கிறோம். நிலநடுக்கத்தில் அப்படியல்ல. குலுங்கும்போது குனி, மேசைக்கடியில் மறை, மேசைக்காலைப் பிடி. குலுக்கல் நின்ற பிறகே வரிசையாக வெளியேற வேண்டும். இரண்டு பயிற்சிக்கும் மணியோசை வேறாக இருக்கட்டும். இல்லையென்றால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

வகுப்பறை நடவடிக்கைகள்

1. ஆடும் அட்டைகள், அறிவியல். மணிலா அட்டையில் ஒரே அகலத்தில் 10, 20, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று கீற்றுகளை வெட்டி, ஒரு மரச்சட்டத்தில் செங்குத்தாக ஒட்டுங்கள். சட்டத்தை மெதுவாக அசைத்தால் நீளமானது அதிகம் ஆடும். வேகமாக அசைத்தால் குட்டையானது அதிகம் துடிக்கும். "ஜொகூர் பாரு அடுக்குமாடி எது? நம்ம ஸ்கூல் எது?" என்று கேளுங்கள். இரண்டு வகை ஆபத்தை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

2. பத்தின் அடுக்கு, கணிதம். அளவு 3, 4, 5, 6-க்கு நில அசைவு எத்தனை மடங்கு என்று அட்டவணை போடச் செய்யுங்கள். அடுத்து ஆற்றலுக்கு 32-ஆல் பெருக்கட்டும். எண்கள் எவ்வளவு விரைவாக வளர்கின்றன என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

3. பள்ளி நடை, தமிழ்மொழி. குழுவாகப் பள்ளியைச் சுற்றி வந்து, எத்தனை கட்டடம், எத்தனை மாடி, கீழ்த்தளம் திறந்ததா, உயரத்தில் விழக்கூடிய பொருள் எது என்று குறிப்பெடுக்கட்டும். பிறகு பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதட்டும். கற்பனைக் கடிதமாக இருக்க வேண்டாம், உண்மையிலேயே அனுப்புங்கள். "விழுந்துடுமா?" என்று கேட்ட பிள்ளை, "யார் பார்க்க வேண்டும்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டால், அதுவே குடியியல் கல்வி.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'கட்டடப் பதிவேடு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். பதிவேட்டைத் தொடங்கும் பள்ளிகள் தங்கள் படிவத்தைச் சங்கத்துக்கு அனுப்பினால், மற்றப் பள்ளிகளுக்கும் அது பயன்படும்.